பெஞ்சில் வைத்த எண்கள்

ஞாயிறு காலை எட்டு இருபதுக்கு சுந்தரம்மா சர்ச்சில் இடம் மாறி உட்கார்ந்தார்.

பல வருடமாக ஜன்னலோரம் இருந்தவர் மின்விசிறிக்குக் கீழே போய்விட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து கிருபானந்தம் பார்த்தார். அவருக்கு வேர்த்தது. சுந்தரம்மாவின் போன் நம்பரை அந்த ஜன்னலோரத்தில்தான் வைத்திருந்தார்.

போன மாதம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கிருபானந்தம் செல்போனைத் தொலைத்தார். யாரைக் கூப்பிடுவது என்று போலீஸ்காரர் கேட்டார். ஒரு நம்பரும் வாயில் வரவில்லை. ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் மகள் அபிகாயில் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

"போதும் நைனா. சித்தூர் வீட்ட பூட்டிக்கினு எங்கூட திருப்பதிக்கு வந்துடு. உனுக்கு ஒரு நம்பர்கூட ஞாபகம் இல்ல."

"ஒண்ணு இன்னாத்துக்கு? நம்ம சபை மொத்தமும் சொல்றேன். நாப்பது குடும்பம்."

"சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு வரேன். சொல்லிட்டா நீ இங்கியே இரு. வாயத் தொறக்க மாட்டேன்."

யூடியூபில் ஒருவர் தெலுங்கில் வழி சொன்னார். நன்றாகத் தெரிந்த இடம் ஒன்றை எடுத்துக்கொள். நினைவில் நிற்க வேண்டியதை மூலைக்கு ஒன்றாக வை. மனதுக்குள் நடந்து போய் எடுத்துக்கொள்.

கிருபானந்தத்துக்கு வீட்டைவிட சர்ச் நன்றாகத் தெரியும். அங்கே அவரவர் இடம் அவரவருக்கு. அப்பன் இடம் மகனுக்கு. பத்து இலக்கத்தை இரண்டிரண்டாக உடைத்தால் ஐந்து பாட்டு எண்கள். பாட்டுப் புத்தகமோ சிறு வயதிலிருந்தே மனப்பாடம். ஆளுக்கு ஐந்து பாட்டு என்று பெஞ்சுகளில் வைத்தார். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. தன் தலைக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவரே மலைத்தார்.

இப்போது சுந்தரம்மா நகர்ந்துவிட்டார்.

"அக்கா, பழைய எடத்துக்கே வந்துடுங்க. உங்கள அங்க பாத்தாதான் எனுக்குப் பாட்டு வருது."

"இன்னா பாட்டு தம்பி?"

"மொதல்ல கல்யாணப் பாட்டு. கடைசீல அடக்கத்துக்குப் பாடறது."

"நான் இன்னும் உயிரோடதான் கீறேன். அங்க காத்து வரல, அவ்ளோதான்."

கிருபானந்தம் ஜன்னலோரத்தில் ஒரு சுவர் மின்விசிறி மாட்டிக் கொடுத்தார். சுந்தரம்மா திரும்பி வந்தார். ஆனால் காற்று எதிர்ப்பக்கம் சபைச் செயலாளர் ஜெபசிங்கின் மேல் அடித்தது. சைனஸ் என்று அவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். அங்கே அவருடைய தம்பி தமிழரசு. இருவரும் பேசி வருடங்கள் ஆகியிருந்தன. தமிழரசு எழுந்து வெளியே போனார். அடுத்த ஞாயிறு வரவே இல்லை.

ஒரே நாளில் இரண்டு நம்பர் காலி.

கிருபானந்தம் தமிழரசு வீட்டுக்குப் போனார்.

"உங்க அண்ணன் மூஞ்சியப் பாக்காத. ஆனா வந்து குந்து."

"என் மேல இவ்ளோ அக்கறையா உனுக்கு?"

"நீ இல்லாம நான் திருப்பதிக்குப் போய்டுவேன் போலக் கீது."

தமிழரசுவின் கண் கலங்கியது. அன்றே அண்ணன் வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு இருவரும் தோளில் கை போட்டபடி முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சுக்காரர்கள் இரண்டாவதுக்குப் போனார்கள். இரண்டாவது மூன்றாவதுக்குப் போனது. ஆண்கள் பக்கம் முழுக்கச் சரிந்தது.

பாஸ்டர் கிருபானந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தன வருஷமா இதுக்கு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமா ஐயா?"

"எனுக்கு எடந்தான் முக்கியம் பாஸ்டர்."

"ஆமென். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எடம்." அடுத்த வாரப் பிரசங்கமே அதுதான்.

கிருபானந்தம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "பழைய எடத்துக்கு வாங்க." சர்ச்சுக்கு வருவதையே மறந்தவர்கள்கூட அழுதுகொண்டு வந்தார்கள். சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தார்கள்.

அறுப்பின் பண்டிகையன்று உள்ளே இடம் போதவில்லை. ஆராதனையையே வெளியே மாற்றி, பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வந்தவர்கள் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காணிக்கையாக வந்த பூசணிக்காய்களுக்கும் வாழைத்தார்களுக்கும் பக்கத்தில் அபிகாயில் கை கட்டி நின்றாள்.

கிருபானந்தம் நாற்காலிகளைப் பார்த்தார். ஒரு பாட்டும் வரவில்லை.

"இன்னா நைனா, பூட்டு எடுத்துக்கினு வரட்டா?"

அவர் கம்பியில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு காலியாகக் கிடந்த சர்ச்சுக்குள் போனார். பெஞ்சுகளுக்கு முன்னால் நின்றார்.

எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

பந்தலில் ஒலிபெருக்கி முதல் நம்பரைச் சொன்னது. ஜெபசிங் தன் போனில் அழுத்திப் பார்த்தார். கூட்டத்தின் நடுவே மணி அடித்தது. அடுத்த நம்பர். வேறு மூலையில் அடித்தது. சுந்தரம்மாவின் பை அடித்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு அடிக்க அடிக்க ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் போனை எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. பாஸ்டர் செருப்பைக் கழற்றினார். கடைசி மணி ஓய்ந்தபோது பந்தலே நின்றுகொண்டிருந்தது. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அபிகாயில் சர்ச் வாசலுக்கு வந்தாள். கல்யாணமாகிப் போன பிறகு அங்கே அவளுக்கென்று பெஞ்சு இல்லை. நிலையில் சாய்ந்து நின்றாள்.

"பாத்தியா? நாப்பதும் சொல்லிட்டேன்," என்றார் கிருபானந்தம்.

"கேட்டேன் நைனா. ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. வீடு உன்னுதுதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் நம்பர் இன்னா?"