நம்பிக்கைக் காசு

மொன்றியலில் நேர்மை இன்னும் உயிரோடிருக்கிறது என்றால் அதற்கு அருமைநாதன் அண்ணை ஒருவரே காரணம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவருக்கு மூன்று மாடி வீடு. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர். வாடகைக்கு வருபவரிடம் முற்பணம் வாங்கக் கியூபெக் மாகாணச் சட்டம் இடம் தராது. அண்ணை சட்டத்தை மதிப்பவர். ஆகவே முற்பணம் வாங்கமாட்டார். 'நம்பிக்கைக் காசு' என்று ஆயிரத்து நூறு டொலர் மட்டும் வாங்குவார். நம்பிக்கை என்றபின் பற்றுச்சீட்டு எதற்கு?

இரண்டாம் மாடியில் கணவனோடும் கைக்குழந்தையோடும் இருந்த சஜிதாவுக்கு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யில் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம். தன் இடத்துக்கு வேறொரு குடும்பத்தை அவளே பிடித்துத் தந்தாள். அண்ணை பெருந்தன்மையோடு சம்மதித்து, அவர்களிடமும் நம்பிக்கையை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு சஜிதா தன் காசைக் கேட்டாள். புது வீட்டு வாடகைக்கு அதைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

உடனே 'பரிசோதனைக் குழு' ஒன்று அமைந்தது: அண்ணை, நான், ஒரு டோர்ச் லைற்.

"சுவரிலை ஆணி ஓட்டை. நூறு டொலர்," என்றார் அண்ணை.

"அது நாங்கள் வரேக்கையே இருந்தது அண்ணை."

"அப்ப சின்னனா இருந்தது." குசினிக்குள் போய் மோந்து பார்த்தார். "மீன் பொரிச்ச மணம். இருநூறு."

"நாங்கள் மச்சம் சாப்பிடுறேல்லை."

"அப்ப கீழ் வீட்டு மணம். உள்ளுக்கு விட்டது நீர்தானே, தங்கச்சி."

அடுத்தது படிக்கட்டுத் தேய்மானம். மூன்று பேருக்கு எண்ணூற்று நாற்பது.

"பிள்ளைக்கு ஏழு மாதம். அவன் இன்னும் நடக்கேல்லை."

"தூக்கிக்கொண்டு ஏறினா பாரம் இன்னும் கூட."

நான் கூட்டிப் பார்த்தேன். சஜிதாதான் நாற்பது டொலர் தரவேண்டியிருந்தது.

"அதைப் பேந்து தாரும்," என்றார் அண்ணை, கருணையோடு.

சஜிதாவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் சண்டை பிடிக்கவில்லை. "சரி அண்ணை. இதை ஒரு கடுதாசியிலை எழுதித் தாங்கோ. அவருக்குக் காட்டவேணும்."

அண்ணைக்குத் தன் கையெழுத்தில் பெருமை. 'சஜிதாவிடம் பெற்ற முற்பணம் $1100' என்று தொடங்கி, கழிவுகளை வரிசையாக எழுதி, திகதியிட்டு ஒப்பமும் வைத்தார்.

சஜிதா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "முற்பணம் வாங்கிறது இங்கை சட்டப்படி பிழை அண்ணை. நான் தந்ததுக்கு இவ்வளவு நாளும் அத்தாட்சி இல்லை. வாடகைத் தீர்ப்பாயத்துக்கு இது காணும்."

அண்ணை சுவரை மறுபடி பார்த்தார். "ஓட்டை அவ்வளவு பெரிசில்லை," என்றார். அன்றைக்கே முழுக் காசும் அவள் கைக்குப் போனது.

மறுநாள் சங்கம் அவசரமாகக் கூடியது. இருபத்திரண்டு சொந்தக்காரரும் வந்திருந்தோம். தலைவரின் செயல் எங்கள் எல்லோருக்கும் பேராபத்து என்று ஏகமனதாகக் கண்டித்தோம். காசு வாங்கியதற்காக அல்ல, எழுதிக் கொடுத்ததற்காக.