பட்டு வேட்டிக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம்

சேலையூர்,
13.5.1990, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய மச்சான் சம்பந்தம் அவர்களுக்கு, உங்கள் தங்கை திரிபுரசுந்தரியின் கணவன் வேதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், சுந்தரி, குழந்தை பாலாம்பாள் மூவரும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். செங்கல்பட்டில் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் அதே வெயிலில் அதே சௌக்கியத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை, காபி ஆறுவதற்குள், குழந்தைக்கு இடுப்பில் கட்டும் பஞ்சின் மேலடுக்கை இனிமேல் மூன்றாக மடிப்பதில்லை, இரண்டாகத்தான் மடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த முடிவுக்கு வர நாலு வருடம் ஆயிற்று. அறிவித்தபோது சுந்தரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சரி" என்றாள். பெரிய முடிவுகளை உலகம் முதலில் இப்படித்தான் வரவேற்கிறது. ஆனால் இதன் பலன் உங்களுடைய மடியைச் சேர்ந்தது என்பதால் முதல் தகவல் உங்களுக்கு.

1986 ஆனி மாதம் மாடம்பாக்கம் கோயிலில் நடந்ததை நினைவுபடுத்துவதற்கு மன்னிக்கவும். பதினோராம் மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பட்டு வேட்டியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே பாலா தன் பங்கைச் செய்துவிட்டாள். நீங்கள் எழுந்தீர்கள். ஜரிகையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அப்போது நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "மாப்ள, இனிமே ஒரு சொட்டு விழாதுன்னு எழுதிக் குடுங்க. அப்ப வந்து உக்கார்றேன்." சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினீர்கள். சீர்த் தட்டுகளும் உங்கள் பின்னாலேயே ஏறின. காது குத்தல் நின்றது.

மற்றவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுந்தரி கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மட்டும்தான் அதை உள்ளபடி புரிந்துகொண்டேன். அது ஒரு நிபந்தனை. அளவு சொல்லியிருந்தீர்கள்: ஒரு சொட்டு. இடம் சொல்லியிருந்தீர்கள்: உங்கள் மடி. ஆவணம் எழுத்து மூலமாக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லியிருந்தீர்கள். நான் ஆபீஸில் மழைநீர் வடிகால் வரைபவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் சர்வீஸில் இவ்வளவு தெளிவான நிபந்தனை எந்த மேலதிகாரியிடமிருந்தும் வந்ததில்லை. நான் வரைந்த வடிகால்களில் தண்ணீர் போவதில்லை என்று சிலர் குறை சொல்வதுண்டு. வரைபடத்தில் போகிறது.

அன்றிலிருந்து சுந்தரி உங்கள் பெயரை எடுப்பதில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி வந்து நின்றால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டால், அண்ணனுக்கு ஆடிட்டிங் என்பாள். தீபாவளிக்கு உங்களுக்குப் பிடித்த அதிரசம் செய்வதையும் நிறுத்திவிட்டாள். இதில் எனக்கும் இழப்பு உண்டு. அண்ணன் தங்கை இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு சொட்டு. அதை உறிஞ்சிவிட்டால் போதும் என்று நான் கணக்குப் போட்டேன். காது குத்த இரண்டு விஷயங்கள் வேண்டும்: ஒற்றைப்படை வயது, தாய்மாமன் மடி. வயது தானாக வரும். மடிக்குத்தான் ஆராய்ச்சி தேவைப்பட்டது.

முதலில் பஞ்சை நம்பினேன். ஆஸ்பத்திரிப் பஞ்சை ஒரு தலையணை அளவுக்குத் திணித்துத் தைத்துக் கட்டினேன். சொட்டவில்லை. ஆனால் குழந்தையால் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. குதிரையிலிருந்து அப்போதுதான் இறங்கியவள் போல நடந்தாள், ஒரு பக்கம் தள்ளினால் உருண்டாள். வெளி உறைக்குப் பம்மலில் பை தைக்கும் பட்டறை ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்தேன். அங்கே தோலோடு தோலாகக் கிடந்து வாடை ஏறிய சரக்கு. அதைக் கட்டிக்கொண்டு பாலா தெருவில் இறங்கியதும் மூன்று தெரு நாய்களும் மரியாதையாகப் பின்னால் வந்தன. சுந்தரி அந்த உறையைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தாள். அவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு பக்கத்து வீட்டு அருள்மேரி டீச்சரின் கணவர் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது, நான் எழுதிக் கேட்டுக்கொண்டபடி, ஒருமுறை கட்டி எறிந்துவிடும் டயபர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே பஞ்சு மாதிரி மரக்கூழ். அதற்குள் சர்க்கரை போல ஒரு தூள். இந்தத் தூள்தான் ரகசியம் என்று தெரிந்தது. இதன் ஒன்றுவிட்ட சகோதரனைத் தோட்டக்காரர்கள் செடியின் வேரடியில் போடுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்து, விவசாயக் கண்காட்சியில் ஒருவரைப் பிடித்து ஒரு டப்பா வாங்கினேன். ஒரு ஸ்பூன் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் வெந்த ஜவ்வரிசி மாதிரி எழுந்து நிற்கிறது. டம்ளரைக் கவிழ்த்தால் விழுவதில்லை. அன்றைக்கே உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, அதற்குள் குழந்தை தூங்கி எழுந்துவிட்டாள்.

தண்ணீரில் பாஸ் செய்த தூள் குழந்தையிடம் ஃபெயில் ஆகிவிட்டது மச்சான். காரணம் உப்பு. உப்புக் கலந்த திரவத்தை அந்தத் தூள் பாதிகூடக் குடிப்பதில்லை. எனவே சோதனைக்கு உப்பு, வெதுவெதுப்பு, பரவுவது கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சள் நிறம், இந்த மூன்றும் உள்ள திரவம் தேவைப்பட்டது. சமையலறையில் போய்ப் பார்த்தேன், தயாராக இருந்தது. அன்றுமுதல் எல்லாச் சோதனைகளையும் ரசத்தின் தெளிவை வைத்துத்தான் செய்கிறேன். ஒரு நாள் சுந்தரி கரண்டியோடு வந்து நின்றாள். "தினம் அதுல ஊத்தி ஊத்திப் பார்க்கறீங்களே, ஒரு நாளாவது சாதத்துல ஊத்திப் பாருங்களேன்" என்றாள். சாதம் உறிஞ்சும் திறன் குறைவு என்பதை அவளுக்கு விளக்கினேன்.

இதற்குள் மூன்றாவது வயதும் கடந்துபோய்விட்டது. அதே சமயத்தில் பாலா ஆராய்ச்சிக்கு ஒத்துழைப்பதை நிறுத்திக்கொண்டாள். டயபரைத் தூக்கிக்கொண்டு போனால், "நான் பாத்ரூம் போறேன்பா, நீ ஓரமா நில்லு" என்கிறாள். ஒரு வேலை முடியும் தறுவாயில் இப்படி இடைஞ்சல் வருவது ஆபீஸில் எனக்குப் பழக்கம்தான். ஒத்துழையாமை என்று குறித்துக்கொண்டு மேலே போனேன்.

உண்மையான விடை கிடைத்தது தாம்பரம் மின்சார ரயிலிடமிருந்து. அதற்கு முன்பு இருந்த சிக்கலைச் சொல்கிறேன். தூளை நடுவில் கொட்டி வைத்தால், முதலில் நனைந்த பருக்கைகள் உப்பிக்கொண்டு கூழாகி வழியை அடைத்துவிடுகின்றன. கீழே இருக்கும் தூள் காய்ந்தபடியே கிடக்க, ரசம் இரண்டு பக்கமும் வழிந்து ஓடுகிறது. ஏன் என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்தேன். ஒரு நாள் சாயங்காலம் கிண்டியில் ஏறப் பார்த்தேன், ஏற முடியவில்லை. வாசலில் ஒரு கும்பல் இடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் கைப்பிடிகள் காலியாக ஆடிக்கொண்டிருக்கின்றன. "உள்ளே போங்க சார், உள்ளே போங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். வண்டி போய்விட்டது. நான் பிளாட்பாரத்தில் நின்றபடி சிரித்தேன். என் தூளும் தாம்பரம் பாஸஞ்சர்தான். ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. உள்ளே தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

அந்த ஆள் நூல். முறுக்குக் குறைந்த பருத்தி நூலை முன்னாலிருந்து பின்னால்வரை நீளவாக்கில் பரப்பினால், விழுந்த இடத்திலிருந்து ஈரத்தை இரண்டு கோடிக்கும் இழுத்துக்கொண்டு போகும். தூளை மொத்தமாகக் கொட்டாமல், பஞ்சுக்கு நடுவே திருநீறு தூவுவது போல மெல்லத் தூவிவிட்டால் ஒன்றையொன்று இடிக்காமல் நின்று குடிக்கும். போன தை மாதம் சனிக்கிழமைதோறும் அனகாபுத்தூர் போய், தறி வைத்திருக்கும் சிட்டிபாபு என்பவரிடம் கழிவு நூல் வாங்கினேன். "இத்த வெச்சிகினு இன்னா சார் பண்ணப் போற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். "நல்லா கீது சார். கொயந்தைக்கு இன்னா வயசாவுது?" என்றார். நடக்கிறது அஞ்சு என்றேன். மூட்டை கட்டுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "இன்னும் ஒரு மூட்ட கட்டவா சார்?" என்றார். ஊக்கம் கொடுக்கும் மனிதர்.

புதிய அமைப்பு, பழைய தலையணையில் எட்டில் ஒரு பங்கு கனம்தான். பாலா ஒத்துழைக்காததால் அருள்மேரி டீச்சரின் கைக்குழந்தை பொறுப்பேற்றுக்கொண்டான். அவன் உற்பத்தித் திறன் பாலாவைவிட அதிகம். இரண்டாம் நாளே டீச்சர் கவலையோடு ஓடிவந்தார். "சார், காலையிலேர்ந்து அவன் நனைக்கவே இல்ல, டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார். நான் உள்ளடுக்கைப் பிரித்துக் காட்டினேன். அத்தனையும் உள்ளே இருந்தது. மேல் துணி என் சட்டையைவிட உலர்ந்து இருந்தது. டீச்சர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ரச சோதனைகளுக்கும் வசதி பெருகிவிட்டது. சில மாதங்களாக வீட்டில் ஏழு எவர்சில்வர் தாம்பாளங்கள் இருக்கின்றன. நல்ல கனம், விளிம்பில் பூ வேலை. சுந்தரி எங்கேயோ பிடித்திருக்கிறாள். மாதிரிகளை ஊறவைக்க அதைவிடத் தோதான பாத்திரம் இல்லை. சுந்தரியும் இப்போதெல்லாம் முணுமுணுவென்று பாடிக்கொண்டு வேலை செய்கிறாள். ஆராய்ச்சி வெற்றி பெற்றால் வீட்டுக்கே ஒரு தெளிவு வந்துவிடுகிறது.

இறுதிச் சோதனை சித்திரை மாதம் எங்கள் காலனி நலச்சங்க ஆண்டுவிழாவில் நடந்தது. தலைவர் யக்ஞநாராயணன் எட்டு முழ வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அவருக்குக் குழந்தைகள் என்றால் பிரியம். டீச்சரின் பையனுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பாட்டில் பாலும் கொடுத்து, சரியான நேரத்தில் அவர் மடியில் உட்காரவைத்தேன். பாலா கடவுள் வாழ்த்துப் பாடினாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் காதோரம் ஏதோ மின்னியது. வியர்வை என்று நினைத்து விசிறிக் காற்றைத் திருப்பிவிட்டேன். பொருளாளர் அறிக்கை வாசிக்க ஆரம்பித்தார். அந்த அறிக்கைக்குள் பையன் இரண்டு முறை முகத்தைச் சிவக்க வைத்துக்கொண்டு கண்ணை எங்கேயோ நிலைக்கவிட்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். தலைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அறிக்கை முடிந்தது. தலைவர் எழுந்தார். வேட்டி கஞ்சி போட்ட மொடமொடப்போடு அப்படியே இருந்தது. பந்தல் முழுக்கக் கைதட்டியது. அது புதிய வடிகால் தீர்மானத்துக்காக என்று பிறகு சொன்னார்கள். இருந்தாலும் நான் எழுந்து நின்று கும்பிட்டு ஏற்றுக்கொண்டேன்.

ஆகவே மச்சான், நீங்கள் கேட்டதை இதோ எழுதிக் கொடுக்கிறேன். குழந்தை பாலாம்பாள் உங்கள் மடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும், எதைக் குடித்திருந்தாலும், ஆசாரி எவ்வளவு தாமதித்தாலும், உங்கள் பட்டு வேட்டியின் மேல் ஒரு சொட்டும் விழாது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். வைகாசி இரண்டாவது ஞாயிறு, மாடம்பாக்கம் கோயில். ஆவணி வந்தால் அஞ்சும் முடிந்து, ஏழுக்காகக் காத்திருக்க வேண்டும். ஏழுவரை சுந்தரி தாங்கமாட்டாள். அதே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். சிரித்தவரைக் கூப்பிடப் போவதில்லை. பழசையெல்லாம் மறந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அதிரசத்துக்கு நான் பொறுப்பு.

அம்பாள் உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் உலர்ந்த ஆடைகளையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து எழுதும் உங்கள்
வேதாசலம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தைச் சுந்தரிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு பாலாவைக் கூப்பிட்டு, அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, "நிஜமாவே பார்க்கலையா நீங்க?" என்றாள். இரண்டு காதிலும் தோடு இருந்தது. சிவப்புக் கல். நான் அனகாபுத்தூர் போயிருந்த ஒரு தைச் சனிக்கிழமை நீங்கள் வந்ததாகவும், வாசலிலேயே "சுந்தரி, கோவமா?" என்று கேட்டதாகவும், அண்ணனும் தங்கையும் சிறிது நேரம் அழுததாகவும், பிறகு கோயிலுக்குப் போய்ப் பாலாவை உங்கள் மடியில் வைத்துக் காது குத்தியதாகவும், ஏழு தாம்பாளத்தில் சீர் வைத்ததாகவும் சொன்னாள். எனக்காக இருட்டும்வரை காத்திருந்தீர்களாம். நான் வந்ததும் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாளாம். "நல்லது, நூல் நீளவாக்கில்தான் போகணும்" என்றேனாம். உறையில் விலாசம் எழுதிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். அன்று ஆபீஸிலிருந்து நேராக வந்தீர்கள் என்றும், பட்டு வேட்டி இல்லை, பேண்ட்தான் போட்டிருந்தீர்கள் என்றும் சொன்னாள்.