விசில் ஊதிவிட்டுக் கௌதாரி சுட்டவர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் உள்ள கௌதாரிகளுக்குக் குலதெய்வம் என்று ஒன்று இருந்தால், அது எங்கள் தெரு விசிலு மாமாதான். ஆயுசு முழுக்கத் துப்பாக்கியும் கையுமாக அலைந்துவிட்டு, ஒரு பறவையின் இறகைக்கூட உதிர்க்காத வேட்டைக்காரர் வேறு எங்கேயும் இருந்திருக்க முடியாது. குறி தவறுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலிக்குச்சியில் கவிழ்த்த கொட்டாங்கச்சியை ஐம்பது அடி தூரத்திலிருந்து சிதறடிப்பார். அவர் சிக்கல் வேறு. சுடுவதற்கு முன்னால் மூன்று தடவை விசில் ஊதுவார்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான்.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவர் வெடிக்காரர். பாறையில் போட்ட துளைகளில் மருந்து அடைத்துத் திரி வைப்பது வேலை. கொளுத்துவதற்கு முன்னால் ரோட்டில் சிவப்புக் கொடி நடுவார். அப்புறம் நீளமாக மூன்று விசில். அப்புறம் "வெடி, வெடி, வெடியேய்" என்று ஒரு கத்தல். அந்த விசில் கேட்டால் பஸ் நிற்கும். மாடு மேய்க்கிறவர்கள் மரத்துக்குப் பின்னால் ஒண்டுவார்கள். கல் பொறுக்கும் பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இது சுரங்கத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனுஷன் தீபாவளிக்கு ஒற்றை ஓலைவெடி கொளுத்துவதற்கும் கொடி, விசில், கத்தல் மூன்றையும் வரிசையாகச் செய்வார். கடையில் கோலி சோடா உடைக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சின்னதாக ஒன்று ஊதுவார். வீட்டில் கடுகு தாளிக்கும்போதும் ஊதுவார் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. நான் அவர் மனைவியிடமே கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் கல்யாணமான புதுசுல பாப்பா. இப்ப இல்ல" என்றார் அத்தை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எண்பதுகளின் ஆரம்பம் அது, அப்பா படுத்தார். அதே சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவர் அவர். தூசி நெஞ்சில் இறங்கி, அந்த ஆடிக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் கயிற்றுக் கட்டிலோடு ஆகிவிட்டார். இருமினால் கட்டில் நகரும். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொள்வேன். கட்டில் காலைத்தான்.

சோறு இறங்கவில்லை. ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு கௌதாரி ரசம் கெடச்சா எந்திரிச்சு உக்காந்துருவேன்" என்றார். வாய் கசந்துபோன நோயாளி சொன்ன பேச்சு அது. எனக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி ஆகிவிட்டது. கௌதாரி வந்தால் அப்பா எழுந்துவிடுவார், வராவிட்டால் எழ மாட்டார். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

பார்க்க வந்திருந்த விசிலு மாமா எழுந்து நின்றார். "நான் சுட்டுத் தரேன் மாப்ள!" என்று கத்தினார். அவருக்குக் கத்தத்தான் தெரியும். வெடிச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா படுத்து நான்கு மாதத்தில் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சிரிக்காத தங்கச்சி. கௌதாரி கத்துனா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. அதான் கோளாறு. புள்ளய என்னோட அனுப்பு. அதுக்கு நல்ல காது."

"பொட்டப்புள்ளயவா வேட்டைக்கு அனுப்புறது?"

"காதுல என்னா ஆம்பள பொம்பள?"

இப்படியாக நான் விசிலு மாமாவுக்குக் காதாகப் போய்ச் சேர்ந்தேன். ஐப்பசி மழை விட்டு, கடலைக்காய் பிடுங்கி முடிந்த நேரம். சிந்திய பருப்பைப் பொறுக்கக் கௌதாரிகள் காட்டை விட்டு வரப்புக்கு வரும். அவருடைய நாட்டுத் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் தீனி. கரிமருந்தைக் கொட்டித் தேங்காய் நாரைத் திணிப்பார். ஈய ரவையைப் போட்டு மறுபடி நாரைத் திணித்து, இரும்புக் கம்பியால் குத்துவார். அதற்குள் ஒரு தலைமுறைக் கௌதாரி முட்டை பொரித்து வளர்ந்துவிடும். கௌதாரி இடது பக்கம் கத்தினால் நான் அவர் சட்டையின் இடது நுனியை இழுக்க வேண்டும், வலது பக்கமென்றால் வலது நுனி. விசையில் விரல் வைத்துவிட்டால் தொடவே கூடாது.

முதல் ஞாயிறு. "கட்டீத்தர், கட்டீத்தர்" என்று வலப்பக்கம் கத்தியது. இழுத்தேன். குனிந்து, தவழ்ந்து, முள் குத்திப் போய்ப் பார்த்தால், வரப்பின் மேல் கொழுகொழுவென்று ஐந்து. மாமா துப்பாக்கியைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சுகிற சத்தம்கூடக் காதில் கேட்டது.

கேட்டது விசில். நீளமாக மூன்று.

கௌதாரிகள் பறந்துவிட்டன. கடலைக்கொல்லையில் இருந்த இரண்டு பெண்கள் கூடையை எறிந்துவிட்டு வாய்க்காலில் விழுந்தார்கள். ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. அடைத்த மருந்தை அப்படியே வைத்திருக்கக் கூடாதாம். அதனால் மாமா "வெடியேய்" என்று கத்தி, ஆளில்லாத வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

வாய்க்காலிலிருந்து சேறும் சகதியுமாக ஒரு தலை எழுந்தது. "யோவ் விசிலு! நாசமாப் போறவனே! ஞாயித்துக்கெழமயும் வெடியா?"

"வெடி இல்லங்க! கௌதாரிங்க!" என்றார் மாமா, ரொம்ப மரியாதையாக.

வீட்டில் அம்மா மிளகும் சீரகமும் இஞ்சியும் அரைத்து வைத்திருந்தாள். அதை முருங்கைக்கீரைச் சாற்றில் கொட்டி அப்பாவுக்குக் கொடுத்தாள். அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "லேசா கௌதாரி வாசன வருது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் இதேதான். அதே மூன்று விசில், அதே கீரைச் சாறு.

மூன்றாவது ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதருகில் போய்க் கத்தினேன். "ஏன் மாமா ஊதுறீங்க? இது மைன்ஸா? கௌதாரிக்கு எதுக்கு விசிலு?"

அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். காது கேட்காதவருக்கு ரகசியத்தையும் கத்தித்தான் சொல்ல வரும். அந்தக் காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நான் அப்ப எடுபிடி ஆளு. விசில் ஊதுறதுதான் என் வேல. மத்தியான நேரம், சோத்துக்குப் போற அவசரம். இந்நேரத்துல இங்கன எவன் இருக்கப் போறான்னு ஊதாம இருந்துட்டேன். ஒரு பொண்ணு அப்பனுக்குச் சோத்துத் தூக்கு எடுத்துக்கிட்டு வந்துச்சு. உன் வயசு இருக்கும். தூக்கு மட்டும் நசுங்காம கெடந்துச்சு புள்ள. உங்கப்பன்தான் அந்தப் பொண்ணத் தூக்கியாந்தான். நான் கிட்டப் போவல."

அதற்கப்புறம் நான் ஊத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊதும்போதெல்லாம் அவரை வெறுத்தேன். செத்துப்போன ஒரு பெண்ணுக்காக என் அப்பாவைச் சாக விடுகிறாரே என்று வெறுத்தேன்.

கார்த்திகை பிறந்தது. அப்பாவுக்குப் பேச்சு குறைந்து, கண்ணால்தான் கூப்பிட்டார். ஐந்தாவது ஞாயிறு விடிந்ததும் மாமா வந்து, "அரியலூர் கௌதாரிக்கெல்லாம் என்னைத் தெரிஞ்சு போச்சு. ரஞ்சன்குடிப் பக்கம் போவோம்" என்றார். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, கடப்பாரை என்று கண்டக்டரிடம் பொய் சொல்லி, இரண்டு பஸ் மாறிப் போனோம். ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே காரைப்புதரும் கள்ளியுமாகக் கிடந்தது காடு.

"இங்கன மைன்ஸ் கெடையாது. விசில் ஊதுனாலும் எவனும் ஓடி ஒளிய மாட்டான். அப்புறம் எதுக்கு ஊதணும்? நீயே சொல்லு" என்றார். ஒன்பது வயதுப் பெண்ணிடம் உத்தரவு கேட்டு நின்றார் அவ்வளவு பெரிய மனுஷன். நான் பதில் சொல்வதற்குள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். "இன்னிக்கி ஊதல. உங்கப்பனுக்கு ரசம் வெக்கிறோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சீக்கிரமே கத்தியது, இடப்பக்கம். இழுத்தேன். புதருக்கு முன்னால் ஒற்றைக் கௌதாரி மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது, இருபது அடியில். மாமா குறி பார்த்தார். விரல் விசைக்குப் போனது. அப்போது கௌதாரிக்குப் பின்னால், புதருக்குள், சருகு நெரிந்தது.

அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. மறுபடியும் நெரிந்தது.

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். காற்றே இல்லை. அப்பா கட்டிலில் எழுந்து உட்காருவது எனக்குத் தெரிந்தது. தூக்கோடு ஒரு பெண் வருவதும் தெரிந்தது. எப்படி ஊதினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மூச்சு உள்ள மட்டும் ஊதினேன்.

வேறெதுவும் ஏறாத அந்தக் காதில் விசில் ஏறியது. துப்பாக்கி மேலே போய் வானத்தில் வெடித்தது. கௌதாரி போய்விட்டது. புதருக்குள்ளிருந்து ஒரு கீரிப்பிள்ளை வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது.

கீரிப்பிள்ளை. அதற்காக அப்பாவின் ரசத்தைத் தொலைத்துவிட்டு நான் மண்ணில் விழுந்து அழுதேன். மாமா புதரைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு கிளையாக விலக்கிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பீடி பற்ற வைக்கப் பார்த்தார். நான்கு குச்சி வீணாகிவிட்டது.

"கீரிதான மாமா! வெறும் கீரி!"

"ஊதுறப்ப உனக்கு அது கீரின்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதப்ப ஊதத்தான் வேணும்" என்றார். துப்பாக்கியை மறுபடி சாக்கில் சுற்றினார்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால், ஒரு மத்தியான வேளையில் அப்பா போய்விட்டார்.

வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒதுங்கி ஒரு பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அவர் காதில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"என்னா?" என்றார்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"பறை அடிக்கிறானுவ. ஒண்ணும் கேக்கல புள்ள. சத்தமாச் சொல்லு!"

"நான் விசில் ஊதுனதாலதான் அப்பா செத்துட்டாரு!"

பறை சரியாக அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். யாரோ ஒரு அத்தை என்னை இழுத்துக்கொண்டு போக வந்தாள். மாமா அவளைக் கையால் தடுத்துவிட்டு, என்னைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அவ்வளவு மெதுவாகப் பேச அவருக்கு எப்படி வந்ததோ.

"ரஞ்சன்குடிலேர்ந்து வந்தமே, அன்னிக்கி நீ கை கால் கழுவப் போனப்ப உங்கப்பன்கிட்டச் சொன்னேன். புள்ள ஊதிருச்சு மாப்ளன்னு சொன்னேன். 'எம்புள்ளயா, எம்புள்ளயா'ன்னு ரெண்டு தடவ கேட்டான். அப்புறம் சிரிச்சான் புள்ள. இருமாம சிரிச்சான்."

துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நூறு கௌதாரி கொண்டாந்தாலும் அவன் நெஞ்சு தாங்கியிருக்காது. அது எனக்கும் தெரியும், உங்கம்மாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். உனக்கு மட்டுந்தான் தெரியாது."

அடுத்த ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை வாசலில் அவர் குரல் கேட்டது. "காது இருக்கா வூட்ல?" நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மா தடுக்கவில்லை. மிளகை எடுத்து அம்மியில் வைத்தாள். பத்தாவது முடிக்கும்வரை, மழை விட்ட ஞாயிறுகளில் எல்லாம் போனேன். ஒரு கௌதாரிகூட விழவில்லை. வாய்க்காலில் விழுந்த பெண்களுக்குக் குறைச்சலில்லை.

அப்பா இல்லாத வீட்டில் மற்ற ஆறு நாளும் எப்படிக் கழியும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு அப்பா இருந்தார்.