ஜாடிக்குள் போன வலது ஷூ

தேவி, மணி, இரண்டு பேரும் கேளுங்கள். தீயணைப்பு வண்டி வரவே இல்லை.

மணி கல்லூரியில் சொல்லும் கதையில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது. தேவி சொல்லும் கதையில் ஜாடி உடைகிறது. உங்கள் அம்மா (அவள் அன்றைக்கு அந்த ஊரிலேயே இல்லை) சொல்லும் கதையில் நான் கேவிக்கேவி அழுகிறேன். முதல் இரண்டும் சுத்தப் பொய். மூன்றாவது பாதி உண்மை. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்தாதீர்கள்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் என்னைக் கவிழ்த்தது. ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் பதினேழு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். வெளியூர்க்காரர்களுக்குச் சாமியைவிடச் செருப்பைப் பற்றித்தான் கவலை அதிகம். "நீங்க நிம்மதியா போய் கும்பிட்டுக்கினு வாங்க, செருப்பு என் பொறுப்பு" என்பேன். என் முறை எளிது. ஜோடியைப் பிரித்துவிட வேண்டும். இடது செருப்பு பின் சீட்டுக்கு அடியில், வலது செருப்பு என் காலடியில். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் தொடமாட்டான். இதுவரை என்னிடம் விட்ட செருப்பில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. (ஸ்டாண்டில் இதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லக்கூடியதல்ல.)

அப்போது தேவி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட வேலை செய்யும் கார்த்திக்கைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். நாங்கள் சரி என்றோம். கார்த்திக்கின் அப்பாவும் முக்கால்வாசி சரி என்றார். அவன் அம்மா மட்டும், "பொண்ணோட அப்பாவைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாராம். ஆக, பரீட்சை எழுத வேண்டியவன் நான். உண்மையான பரீட்சை மணிக்கு, பிளஸ் டூ. அதனால் அம்மா அவனோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேவி என் பையை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, கோச்சுக்காத. அவங்ககிட்ட நீ டிராவல்ஸ் வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

"ஆட்டோன்னு சொல்லலயா?"

"டக்குனு வாயில வந்துடுச்சுபா."

"சரி வுடு. வண்டின்னா வண்டிதானே."

உறுத்தியது, தேவி. இல்லையென்று சொன்னால் இந்தக் காகிதம் வீண். ஆனால் பொய் சொன்ன உன் முகம் என் முகத்தைவிடச் சின்னதாகிப் போயிருந்தது. அதனால் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த குண்டை ஆட்டோவில் போட்டாள். (பெங்களூர் ஆட்டோக்காரர் பிரேக்கை மிதிக்கிற விதமே சரியில்லை. அது வேறு கதை.) கார்த்திக்கின் அப்பா ஜப்பான்காரர்களோடு பல வருஷம் வேலை பார்த்தவராம். சனிக்கிழமை மதியச் சாப்பாடு ஜப்பான் ஓட்டலில்தான் என்று ஏற்பாடு செய்துவிட்டாராம். "குச்சியில சாப்புடணும்பா. நாளைக்குள்ள உனக்குக் கத்துக்குடுத்துடறேன்."

அப்படித்தான் நான் ஒரே நாளில் இரண்டு நாடு சுற்றினேன்.

மதியம் தாய்லாந்து. பச்சைக் குழம்பைப் பார்த்ததும் பயந்தேன், வாயில் வைத்ததும் தேங்காய்ப்பால். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது. அதில் கிடந்த தண்டு ஒன்றைக் கரும்பு மாதிரி கடித்து மென்றுகொண்டே இருந்தேன். அது நாராகிக்கொண்டே போனது.

"துப்புபா. அது வாசனைக்குப் போடறது. கறிவேப்பிலை மாதிரி."

"கறிவேப்பிலையை நான் துப்புறதில்லியே."

சாயங்காலம் கொரியா. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியா ஓட்டல் போர்டுகளைத் தாண்டி ஆயிரம் தடவை வண்டி ஓட்டியிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை. மேஜை நடுவிலேயே அடுப்பு. கேட்காமலே ஏழெட்டுக் கிண்ணத்தில் ஊறுகாயும் பொரியலும் வந்து உட்கார்ந்தன. கல்யாணப் பந்தியில் இலை நிறைகிற மாதிரி இருந்தது. ஒரு கிண்ணத்தில் கண்ணாடிபோல மினுங்கும் சேமியா. நம் தெருத் தறிகளில் சிக்குப் போட்ட பட்டு இழைதான் ஞாபகம் வந்தது. நுனியைத் தேடிப் பிரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, அதைச் சாப்புடணும்" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்த ஊரில் குச்சியும் எவர்சில்வர். நான் பிடித்த முள்ளங்கித் துண்டு வழுக்கிப் பறந்து பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. அவர் நல்ல மனுஷர், எழுந்து நின்று கைதட்டினார்.

அன்றைக்கு அறைக்குத் திரும்பி, இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு வேர்க்கடலை பொறுக்கினேன். கிண்ணம் காலியாகும்வரை பொறுக்கினேன். மகளுக்காக ஒருவன் எதையெதையோ செய்வான். நான் கடலை பொறுக்கினேன்.

சனிக்கிழமை. கார்த்திக்கின் அப்பா வாசலிலேயே கை குலுக்கினார். அவன் அம்மா "வாங்க சார்" என்றார், அளந்து வைத்த மாதிரி. கடைக்குள் நுழையும் இடத்தில் மர அலமாரி ஒன்று. ஷூவைக் கழற்றி அதில் வைத்துவிட்டு, உள்ளே மேடையில் பாய்மேல் உட்கார வேண்டும். எல்லோரும் கழற்றி வைத்துவிட்டு முன்னால் போய்விட்டார்கள். நான் கடைசி.

அலமாரிக்குக் கதவு இல்லை. டோக்கன் இல்லை. காவலுக்கு ஆள் இல்லை. இரண்டடி தள்ளித் தெரு. அதில் கார்த்திக் அப்பாவின் ஷூ, கறுப்பு, முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் மனசு என்னைக் கேட்கவில்லை, கை தானாகவே போனது. வலது ஷூவை எடுத்தேன். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பீங்கான் ஜாடி, கழுத்து ஒடுக்கம், வயிறு பெருசு. உள்ளே போட்டேன். 'தொப்' என்று ஒரு சத்தம். அவருக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியில் உள்ளே போய்ச் சம்மணம் போட்டேன்.

சாப்பாட்டில் என்னைக் குறை சொல்ல முடியாது. குச்சியால் சோற்று உருண்டையைச் சிந்தாமல் எடுத்தேன். பச்சை மீன் வந்தது. தாமல் ஏரி மீனையே உங்கள் அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தடவை அலசுவாள். நான் அலசாததை மென்று விழுங்கினேன், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கார்த்திக்கின் அப்பா, "பிரமாதமா சாப்பிடறீங்களே, பழக்கமா?" என்றார். நீ மேஜைக்கடியில் என் கையை அழுத்தினாய்.

அவன் அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார். "டிராவல்ஸ்ல எத்தனை வண்டி ஓடுது சார்?"

"இப்போதிக்கு ஒண்ணுதாம்மா."

"என்ன வண்டி?"

"ஆன்ட்டி, இந்த சூப் ஆறிடும்" என்று நீ குறுக்கே விழுந்தாய்.

எல்லோரும் எழுமுன் ஷூவை எடுத்து வைத்துவிடலாமென்று, "கை கழுவிட்டு வரேன்" என்று நழுவினேன். மண்டியிட்டு ஜாடிக்குள் கையை விட்டேன். தோள்வரை போனது. ஷூ கிடைத்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஷூவை விட்டிருந்தால் கை வந்திருக்கும், மணி, நீ கேட்பாய் என்று தெரியும். விட மனசு வரவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு செருப்பை நான் விட்டதில்லை. இன்னும் ஆழமாகப் பிடித்து இழுத்தேன். இப்போது முழங்கையும் மாட்டிக்கொண்டது. பிறகு விட்டுப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது.

நிமிர்ந்தால், நீயும் கார்த்திக்கும் பெரியவர்கள் இரண்டு பேருமாகக் கடையின் பாதிப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். கார்த்திக்கின் அப்பா ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொன்னு..." என்றார்.

"உள்ள பத்திரமா இருக்குது சார்" என்றேன்.

கடைக்காரர் ஓடி வந்தார். ஜாடி அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்ததாம். உடைக்கக் கூடாது என்று என்னிடம் கெஞ்சினார், ஏதோ நான் ஆசைப்பட்டு மாட்டிக்கொண்ட மாதிரி. சமையல்கட்டிலிருந்து எண்ணெய்ப் புட்டி வந்தது. என் தோளில் ஊற்றினார்கள். வாசனையை வைத்துச் சொல்கிறேன், நம் நல்லெண்ணெய்தான்.

"ஏன் சார் உள்ள போட்டீங்க?" என்றார் கார்த்திக்கின் அம்மா.

காரணத்தைச் சொன்னால் கோயில் வாசல் வரும், கோயில் வாசல் வந்தால் ஆட்டோ வரும். கையை இழுப்பதிலேயே மும்முரமானேன்.

அப்போதுதான் தேவி, நீ உன் புதுப் புடவையோடு அந்த எண்ணெயில் மண்டியிட்டு உட்கார்ந்து ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாய்.

"எங்க அப்பா ஆட்டோ ஓட்டறாரு ஆன்ட்டி. டிராவல்ஸ்னு நான்தான் பொய் சொன்னேன். கோயிலுக்கு வர்றவங்க செருப்பு திருட்டுப் போகக் கூடாதுன்னு ஒண்ணை இங்க, ஒண்ணை அங்கனு பிரிச்சு வைப்பாரு. அங்கிள் ஷூ தொலைஞ்சிடப் போவுதேன்னு பயந்துக்கினுதான் செஞ்சிருப்பாரு. இல்லபா?"

நான் தலையாட்டினேன். அழுதது அப்போதுதான். எண்ணெய் கண்ணில் பட்டதென்று சொல்லிக்கொண்டேன். (எண்ணெய் தோளில் இருந்தது.)

'பொளக்' என்று கை வெளியே வந்தது. ஜாடியைக் கவிழ்த்துத் தட்டியதும் பின்னாலேயே ஷூவும் வந்து விழுந்தது, குளித்து முழுகி. கார்த்திக்கின் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளின்னு எங்கம்மா அடிச்சுக்குவாங்க. நான் கேட்டதில்ல. என் ஷூ கேட்டிருக்கு."

அவர் சிரித்தார், கார்த்திக் சிரித்தான். நான் அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அலமாரியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாம் சரி. என் செருப்பை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, சம்பந்தி?"

சம்பந்தி! அந்த வார்த்தையைக் கேட்டு நீ ஜாடியை விட்டுவிட்டாய். கார்த்திக் தாவிப் பிடித்தான். அதனால்தான் சொல்கிறேன், ஜாடி உடையவில்லை.

இன்றைக்கும் அந்த அம்மா நம் செவிலிமேட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை என் கையில் கொடுக்கிறார். "பத்திரம், சம்பந்தி." நானும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன். என்ன செய்வது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று மட்டும் பாக்கி. அன்றைக்குக் கார்த்திக்கின் அப்பா சமையல்காரருடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஷூவை நான்தான் சுத்தம் செய்து தருவேன் என்று அடம்பிடித்து வாங்கி, அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், மணி டியூஷனில். நான் பின்கட்டில் உட்கார்ந்து, கடலை மாவு தூவி எண்ணெயை எடுத்தேன். துடைத்தேன், பாலிஷ் போட்டேன், மறுபடி துடைத்தேன். பார்சலில் அனுப்பக் கொண்டுபோக ஆட்டோவில் வைக்கப் போனேன். இடதைப் பின் சீட்டுக்கடியில் தள்ளக் கை தானாகவே நீண்டது.

இழுத்துக்கொண்டேன். இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதன் கயிற்றையும் அதன் கயிற்றையும் சேர்த்து, யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்று முடிச்சுப் போட்டேன்.