எதிர்ப்புத் தெரிவித்த ரத்தம்

மனிதன் பொய் சொல்வான், ரத்தம் சொல்லாது என்ற மாபெரும் தத்துவத்தை வளைகுடா நாட்டு முசஃபாவின் கார் பட்டறைகளுக்குள் கொண்டுவந்த பெருமை உமாபதியையே சாரும். அங்கே ஒரு பெரிய பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி அவர். பெயின்ட் அடிக்கும் அறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நின்றுபோய் ஒரு கோடை கடந்திருந்தது. வாசலில் 'பாதுகாப்பே முதலில்' என்ற பலகை மட்டும் பழுதில்லாமல் தொங்கியது.

அந்த அறையில் வேலை பார்த்த சுஐபும் கார்மேகமும் இருமத் தொடங்கினார்கள். டூட்டியில் இழுப்பு, லீவு நாளில் சுகம்.

"சார், உள்ள போனாலே நெஞ்சு அடைக்குது. அந்த ஃபேனை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றார் சுஐபு.

உமாபதி இதை 'உணர்ச்சிவசப்பட்ட கோரிக்கை' என்று வகைப்படுத்தினார். ஃபேனைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் போதும். அதில் அறிவியல் ஏது? ஆகவே இருவருக்கும் ரத்தப் பரிசோதனை ஏற்பாடாயிற்று. பெயின்ட் இறுகுவதற்காக அதில் கலக்கும் ஹார்டனரை எதிர்த்து உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

சுஐபின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. கார்மேகத்தின் ரத்தத்தில் இருந்தது.

உடனே மீட்டிங் கூடியது. ஜெனரல் மேனேஜர் விஷால் தலைமை. பரிசோதனை செய்த டாக்டர் ஹஃபீஸாவும் வந்திருந்தார்.

"சுஐபுக்கு ஆன்டிபாடி இல்ல சார்" என்று தொடங்கினார் உமாபதி. "அப்போ ஆஸ்துமா இல்ல. ஆஸ்துமா இல்லைன்னா இருமலும் இல்ல."

"ஆனா இருமுறாரே" என்றார் டாக்டர்.

"அது அவரோட பர்சனல் விஷயம் மேடம்."

"இந்த ஆஸ்துமா இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு இந்த டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது சார். டூட்டி நேரத்துல ஊத வெச்சு மூச்சை அளந்து பார்க்கணும்."

"அதை விடுங்க. கார்மேகம்?" என்றார் விஷால்.

"பாசிட்டிவ். ஹார்டனர்தான் காரணம்" என்றார் டாக்டர்.

"காரணம் அவரோட ரத்தம்" என்று திருத்தினார் உமாபதி. "ஊர்லேர்ந்து கொண்டுவந்த ரத்தம். கம்பெனி குடுத்தது இல்ல."

ஊழியர் ஒருவரும் இதுவரை எதிர்ப்புத் தெரிவிக்காத நிறுவனம் அது. கார்மேகத்தின் ரத்தம் மட்டும் முன் அனுமதியின்றித் தெரிவித்துவிட்டது. இதைவிட ஒழுங்கீனம் வேறு உண்டா?

டாக்டர் பையை எடுத்துக்கொண்டே கேட்டார். "அப்போ ரிசல்ட் எப்படி வந்தா ஃபேனை ரிப்பேர் பண்ணுவீங்க?"

உமாபதிக்குள் ஏதோ உறுத்தியது. விஷாலின் முகத்தைப் பார்த்தார். உறுத்தல் நின்றுவிட்டது.

"அந்த மாதிரி ரிசல்ட் இன்னும் கண்டுபிடிக்கல மேடம்" என்றார்.

கார்மேகம் 'மருத்துவ அக்கறையுடன்' ஊருக்கு விமானம் ஏற்றப்பட்டார். சுஐபு 'மருத்துவச் சான்றுடன்' இருவர் வேலையையும் பார்க்கப் பணிக்கப்பட்டார். அவர் இருமும்போதெல்லாம், "உங்க ரிப்போர்ட் நெகட்டிவ் பாய், மறந்துடாதீங்க" என்று உமாபதி கதவுக்கு வெளியே நின்றபடி ஊக்கம் கொடுத்தார்.

ஒரு வியாழக்கிழமை, வெள்ளை வண்டி ஒன்றின் பானெட்டுக்குக் கடைசிக் கோட் அடித்துக்கொண்டிருந்த சுஐபு அதன்மேலேயே சரிந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் அவரை எடுத்துக்கொண்டு போயிற்று. ஈரப் பெயின்டில் பதிந்த கைத்தடத்தை வேறொருவர் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார். வண்டி சொன்ன நேரத்துக்கு டெலிவரி ஆனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுஐபின் போன் உமாபதியின் கையில் அடித்தது. கீழக்கரையிலிருந்து சுஐபின் மனைவி மதீனா பீவி.

"பயப்படாதீங்கம்மா" என்றார் உமாபதி. "அவர் ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. ரிப்போர்ட் என்கிட்டயே இருக்கு."

"ரிப்போர்ட்டு இருக்கட்டும் சார். அவுக மூச்சு விடுறாகளா?"

உமாபதி கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஓர் இயந்திரம் சுஐபுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் மூச்சு விடுகிறானா என்று அறிய ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். பெயின்ட் அறையின் கதவைத் திறந்து உள்ளே போய், அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, அதே காற்றைச் சுவாசித்தால் போதும். நம் பாதுகாப்பு அதிகாரி செய்யாமல் விட்ட பரிசோதனை அது ஒன்றுதான்.