நீலக்கவசன் நெற்றியில் குங்குமம்

அன்புள்ள சகலை ஜெயக்குமார் அவர்களுக்கு,

பாலக்கரையிலிருந்து வீரமலை மரியாதையுடன் எழுதுவது. இங்கே உங்கள் மனைவியின் அக்கா மகாலட்சுமி நலம். நான் நலமாக இல்லை. நீங்கள் நலம் என்பது ஸ்ரீரங்கம் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் விசாரிக்கவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலில் இருக்கும் சந்தோஷத்தை இந்த வாரம் என்னால் கேட்க முடியாது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

முப்பது வருடமாகப் பழைய காமிக்ஸ் சேர்ப்பவன் நான். மின்வாரியத்தில் இருந்தபோது, சம்பள நாளன்று மற்றவர்கள் ஜவுளிக்கடைக்குப் போவார்கள், நான் பழைய பேப்பர் கடையில் குனிந்து கிடப்பேன். ‘நீலக்கவசன்’ முதல் இதழ், 1974, விலை எழுபத்தைந்து பைசா, என் கைக்கு வரப் பதினோரு வருடம் ஆனது. நீங்கள் என் அலமாரியைப் பார்த்துத்தான் இரண்டு வருடத்துக்கு முன் இதில் இறங்கினீர்கள். ஆறே மாதத்தில் அதே இதழ் உங்களுக்கும் கிடைத்தது, அதுவும் வீடு காலி செய்த யாரோ சும்மா கொடுத்த அட்டைப்பெட்டியில். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் பிரதியின் பதினான்காம் பக்கத்தில், நீலக்கவசன் குகையிலிருந்து வெளியேற வழி கண்டுபிடிக்கும் புதிரில், அந்தக் காலத்துப் பொடியன் எவனோ பென்சிலால் கோடு போட்டு அவனை நேரே முதலை வாயில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். உங்கள் பிரதியில் அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதை நினைத்து நினைத்தே எனக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போன மாதம் மதுரையிலிருந்து செல்லக்கண்ணு என்கிற சேகரிப்பாளர், இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதை அறுபதாயிரத்துக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னதும், நீங்கள் உங்கள் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். “பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோமே சகலை” என்றீர்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் கவரிலிருந்து எடுத்து, அட்டையை, மூலையை, ஸ்டேப்ளர் பின்னில் ஏறிய துருவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மகாலட்சுமி காபியோடு வர, இரண்டு பேரும் பதறிப்போய் அவசரமாகக் கவருக்குள் போட்டோம். கிளம்பும்போது நீங்கள் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து, “நம்ம புக்கு வாசனையே தனிங்க, கண்ண மூடிக்கிட்டே எடுப்பேன்” என்று சொல்லிக் கொண்டுபோய், மறுநாளே பேங்க் லாக்கரில் வைத்துவிட்டீர்கள். நானும் மிச்சமிருந்ததை முகர்ந்து பார்த்தேன். கரப்பான்பூச்சி வாசனைதான் வந்தது.

அதன்பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. பொரியும் வாழைக்கன்றும் வாங்க நான் காந்தி மார்க்கெட் போயிருந்தேன். திரும்பி வந்தால், சாமி முன்னால் அடுக்கிய புத்தகங்களுக்கு உச்சியில் நீலக்கவசன் உட்கார்ந்திருக்கிறான், கவர் இல்லாமல், நாலு மூலையிலும் சொதசொதவென்று சந்தனத்தோடு, நெற்றியில் அகலமான குங்குமத்தோடு. “ஏன் மகா கவர எடுத்த?” என்றேன். “கவரோட வச்சா சாமிக்கு எப்படிங்க தெரியும்? அறுபதாயிரம்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் எல்லாத்துக்கும் மேல வச்சேன்” என்றாள். கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். “பூஜையில வச்ச புக்க விஜயதசமி அன்னிக்குத்தான் எடுக்கணும்.” சந்தனம் அட்டையில் ஊறிக்கொண்டே இருக்கிறது, நான் எதிரே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறேன். மறுநாள் காலையில் எடுத்தபோது சந்தனம் பொருக்காக உரிந்து வந்தது, கூடவே நீலக்கவசனின் பாதி முகமும் வந்துவிட்டது.

உங்களிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “சாமி பொட்டு வச்ச புக்கு சகலை, கொடுத்து வச்சவரு நீங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். பின்னால் சுபலட்சுமி வளையல் டிசைன் பற்றிப் பேசுவதும் கேட்டது. மகாலட்சுமியிடம் நான் இதை எல்லாம் முதலீடு என்று சொல்லித்தான் இத்தனை வருடம் சமாளித்தேன். இப்போது அவள் தங்கை கைக்கு வளையல் வரப்போகிறது. இவள் என்னைப் பார்க்கும் பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை செல்லக்கண்ணு உங்கள் வீட்டுக்கு வரும்போது நான் வரப்போவதில்லை. காமிக்ஸையும் விட்டுவிட்டேன். பொட்டு வைத்த பிரதியையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். லாக்கரில் இடம் இருக்கும். இது என் முடிந்த முடிவு.

சுபலட்சுமிக்கும் குழந்தை பவித்ராவுக்கும் என் ஆசிகள். ரங்கநாதர் உங்களை நன்றாக வைத்திருக்கிறார், அப்படியே வைக்கட்டும். முடிந்தால் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கமும் ஒரு தடவை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வீரமலை

பி.கு.: பொட்டு வைத்த பிரதியை உங்களுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன். கோட்டைக் காணோம். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், மகாலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், முதலை வாய் சுத்தமாகக் காலியாக இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் லாக்கரைத் திறந்து உங்கள் வாசனைப் புத்தகத்தைப் பாருங்கள். முதலை வாயில் பென்சில் கோடு போய் முடிந்தால் அது என்னுடையது, தயவுசெய்து அழிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை செல்லக்கண்ணுவுக்கு முன்னால் நான் வந்துவிடுவேன், மகாலட்சுமியும் வருகிறாள், வளையல் டிசைன் பார்க்க வேண்டுமாம். மேலே எழுதியதில் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. பொட்டு வைத்த பிரதியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். சாமி பொட்டு வச்ச புக்கு சகலை, கொடுத்து வச்சவரு நீங்க.