மாமனார் உயிரோடுதான் இருக்கிறார்

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவன் மாமனார் வீட்டில் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மளிகைக் கடை வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், மரியாதை கொஞ்சம் குறையும், ஆனால் நிம்மதி மிஞ்சும். கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தால் போச்சு. டிவி ரிமோட், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் உங்கள் தலையில் விடியும். நான் வாயைத் திறந்தவன். திறந்ததோடு நிற்காமல் பீற்றிக்கொள்ளவும் செய்தவன்.

என் மாமனார் அந்துவான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் அவர் வீட்டை 'சொல்தா வீடு' (சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்) என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவே ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். ஒவ்வொரு சுவரும் ஒரு முழத்துக்குக் குறையாத சுண்ணாம்புச் சுவர். மொபைல் சிக்னல் வாசல் வரைக்கும் வரும், சுவரைப் பார்க்கும், வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அந்த வருடம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். கொல்லைப்பக்கம் இருந்த கடைசி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். உதவிக்கு என்று நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் சென்னையிலிருந்து போயிருந்தோம். (உதவி செய்தவள் ஸ்டெல்லா. நான் சாப்பிட்டேன்.)

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. 'நான் இன்னும் சாகவில்லை' என்று வருடத்துக்கு ஒரு தடவை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அந்தப் பெரிய வீடு ஓடுவதே அந்தப் பென்ஷனில்தான். மற்ற வருடங்களில் மாமனார் கோட்டு மாட்டி, மெடல் குத்தி, கார் வைத்துப் புதுச்சேரி போய் நேரில் நின்றுவிட்டு வருவார். இந்தத் தடவை கால் மடங்காது, அத்தனை தூரம் காரில் உட்கார முடியாது. பாரீஸில் இருக்கும் மூத்த மகள் மர்த்தீன் எங்கெங்கோ பேசி, வீடியோ காலில் பார்த்து முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தாள்.

இணைய இணைப்பின் பெட்டி இருந்தது முன்னறையில், மாதா படத்துக்குப் பக்கத்தில். "அப்பாவ அன்னைக்கு ஒரு நாள் முன்னால கொண்டாந்து உக்கார வச்சா முடிஞ்சுது" என்றாள் ஸ்டெல்லா.

மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "தெருவப் பாத்து உக்காந்து பேச நான் என்ன லாட்டரியா விக்கிறேன்? என் ரூம்ல, என் ரெஜிமெண்ட் போட்டோவுக்குக் கீழ உக்காந்துதான் பேசுவேன். வந்தவங்கள வாசல்ல நிக்கவச்சுப் பேசுற வழக்கம் இந்த வீட்ல கிடையாது."

"அப்ப ஒரு ஒயர இழுத்துருவோம்" என்றாள் ஸ்டெல்லா.

இங்கேதான் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கிறது. "ஒயரா? எந்தக் காலத்துல இருக்கே நீ? ரெண்டே நாள். இந்த வீட்டுல எந்த மூலையில நின்னாலும் சிக்னல் அடிக்கும். மாமா, எங்கிட்ட விடுங்க."

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் விட்டதில்லை. காய்கறி வாங்கக்கூட விட்டதில்லை. "சரிங்க மாப்ள" என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

என் திட்டம் இதுதான். ஒவ்வொரு அறையிலும் ஒரு ரிப்பீட்டர். முன்னறைப் பெட்டியிடமிருந்து முதல் ரிப்பீட்டர் சிக்னலை வாங்கி இரண்டாவதற்குக் கொடுக்கும், இரண்டாவது மூன்றாவதற்குக் கொடுக்கும், இப்படிக் கை மாறிக் கை மாறிக் கடைசி அறைக்கு வரும். தீ அணைக்க வாளி மாற்றுவது போல. நடுவில் ஒருவர் கையை எடுத்தால் வாளி அங்கேயே நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். எவர் எடுக்கப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் நான் செய்த அலப்பறையைச் சொல்லி மாளாது. கூடத்தில் இருந்த ஆளுயரக் கண்ணாடி சிக்னலைத் தடுக்கிறது என்று கழற்றி வைக்கச் சொன்னேன். அது மாமியாரின் அம்மா வீட்டுச் சீதனம். அன்று ராத்திரி மாமியார் கையால் எனக்கு மட்டும் மீன் தலை வந்தது. லேண்ட்லைன் போனையும் 'இனிமே இது எதுக்கு?' என்று எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். ரிப்பீட்டர்கள் எல்லாம் முழங்கால் உயர பிளக் பாயிண்டுகளில் பச்சை விளக்கோடு மின்னின. தூசி படக்கூடாது என்று மாமியார் ஒவ்வொன்றுக்கும் ஊசிப் பின்னலில் தொப்பி போட்டுவிட்டார்.

கையில் போனை ஏந்திக்கொண்டு முன்வாசலிலிருந்து கொல்லை வரை தேர்பவனி மாதிரி நடந்து காட்டினேன். ஒரு இடத்தில்கூடப் படம் நிற்கவில்லை. மாமனார் படுக்கையில் இருந்தபடி, "பரவாயில்லையே மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தது எனக்கு ஆஸ்கார் வந்த மாதிரி.

அழைப்பு அன்று மத்தியானம். காலையிலேயே மாமனார் முதல் தடவையாகக் கட்டிலை விட்டு எழுந்து, கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டார். கொல்லை வாசலில் ஆட்டோ வரவழைத்து, சலூனில் சவரம், தெருமுனைக் கெபியில் மாதா சிலைக்கு ஒரு மெழுகுவத்தி என்று கிளம்பிவிட்டார். திரும்பும்போது ஆட்டோக்காரர் முன்வாசலில் இறக்கிவிட்டார். அவர் முன்னால் இறங்கியது எனக்குத் தெரியாது. நான் கடைசி அறையில், ரெஜிமெண்ட் போட்டோவுக்குக் கீழே நாற்காலி போட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்து, முதலிரவு மாப்பிள்ளை மாதிரி காத்திருந்தேன்.

பாரீஸ்காரர்கள் நேரத்துக்கு முன்னாலேயே அழைத்துவிட்டார்கள், அதுவும் மாமனாரின் போனுக்கு. அவர் முன்னறையில் மாதா படத்துக்கு எதிரே நின்று எடுத்தார். திரையில் பென்ஷன் ஆபீஸ் அம்மாள் ஒரு கட்டத்தில், மர்த்தீன் ஒரு கட்டத்தில். படம் பளிச்சென்று இருந்திருக்கிறது. மாமனார் வணக்கம் சொல்லி, 'இங்கே வேண்டாம், உள்ளே வாங்க' என்று பிரெஞ்சில் உபசரித்து, அந்த அம்மாளைப் போனில் ஏந்தியபடி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

அதற்குப் பின் பாரீஸில் தெரிந்ததை மர்த்தீன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாமனார் இரண்டாவது அறையில் திடீரென்று நின்றார். முகம் தொங்கியது. கண் செருகியது. வாய் பிளந்து "அம்மா..." என்று ஒரு முனகல். படம் அப்படியே நின்றுவிட்டது.

மர்த்தீன் அலறியிருக்கிறாள். வீட்டில் இருந்த எல்லாருடைய மொபைலுக்கும் அடித்தாள். சுண்ணாம்புச் சுவருக்குள் எந்த மொபைல் அடிக்கும்? வாட்ஸ்அப்பும் போகவில்லை. லேண்ட்லைன்? அதைத்தான் ஒரு மேதாவி எடுக்கச் சொல்லிவிட்டானே.

இங்கே கடைசி அறையில், என் லேப்டாப்பிலும் இணையம் போய்விட்டது. நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே மாமனார் தடியை ஊன்றி உள்ளே வந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இந்தம்மா ரொம்ப நேரமா கண்ண இமைக்காம இருக்காங்க. உசுரோட இருக்காங்களான்னு பாருங்க."

"ஒண்ணுமில்ல மாமா, ஒரு நிமிஷம்" என்றேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கடலுக்கடியில் கேபிள் அறுந்திருக்கலாம் என்று விளக்கம் சொன்னேன். நாற்காலி மேல் ஏறி நின்று போனை உத்தரத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். எல்லாம் செய்தேன், அடுத்த அறைக்குப் போய் அந்தப் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பதைத் தவிர. (படித்தவன் இல்லையா, குனிய வராது.)

"இன்னைக்குக் காட்டலைன்னா பென்ஷன் நின்னுரும் மாப்ள" என்றார் மாமனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

நான் இப்படி அரை மணி நேரத்துக்கு மேல் உத்தரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, முன்பக்கத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"மாப்ள! உங்க வைஃபை பொட்டி வந்துருக்கு! இது பெருசா இருக்கே, எங்கிட்டு வைக்கச் சொல்ல?"

நான் எதுவும் வரவழைக்கவில்லை. தூக்குகிறவர்களின் சத்தம் கேட்டது. "பிளக் பாயிண்ட் எங்கம்மா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "அந்தா, அந்தக் குல்லா போட்டது பக்கத்துல" என்றார் மாமியார்.

நானும், அடுக்களையில் இருந்த ஸ்டெல்லாவும் ஓடினோம், மாமனார் தடியோடு பின்னால் வந்தார். முன்னறையை ஒட்டிய இரண்டாவது அறையில், நட்டநடுவில், கண்ணாடி மூடியோடு நீளமாக ஒரு பெட்டி. சாவு வீட்டில் வைக்கும் ஐஸ் பெட்டி. பக்கத்து ஊரான தலத்தெருவிலிருந்து வாடகைக்கு வந்தது. பக்கத்தில் நிரவி ஊர்க்காரர் சேசுராஜ், மாமியாருடைய அண்ணன் மகன், கையில் ஆளுயர ரோஜா மாலையோடு. உறவில் எந்தச் சாவு என்றாலும் குடும்பத்தாருக்கு முன்னால் வந்து நிற்பவர். மர்த்தீன் போனில் 'அப்பா போயிட்டாரு' என்றதும் மறு கேள்வி கேட்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே கோட்டும் மெடலுமாக மாமனார். சேசுராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருக்குடா இது?" என்றார் மாமனார்.

"உங்களுக்குத்தான் மாமா" என்றார் சேசுராஜ், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

மாமியாருக்கு அப்போதுதான் அது என்ன பெட்டி என்று உறைத்தது. "அய்யோ மாதாவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமனார் மட்டும் அசையவில்லை. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அது உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள ஆளே இல்ல. அப்பறம் எதுக்குடா ஓடுது?"

சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி, மெதுவாகக் குனிந்தார். ஆபரேஷன் செய்த கால் மடங்க மறுத்தது. முகம் தொங்கியது, கண் செருகியது, வாய் பிளந்தது. "அம்மா..." என்று முனகியபடி பிளக் பாயிண்ட் சுவிட்சை அணைத்தார்.

எனக்குத் தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிய மாதிரி இருந்தது. பக்கத்துப் பிளக்கைப் பார்த்தேன். குல்லாய்க்குள் பச்சை விளக்கு இல்லை. அடுத்த அறைக்கு ஓடினேன். இல்லை. அதற்கடுத்த அறை. இல்லை. எல்லாச் சுவிட்சும் அணைந்து கிடந்தன.

"மாமா, இதெல்லாம் நீங்களா...?"

"ஆமா. ஆளில்லாத ரூம்ல எதுக்குப் பச்சை லைட்டு எரியுது? பட்டாளத்துல ரூம விட்டு வெளிய வந்தா சுவிட்ச அணைச்சிட்டுத்தான் வரணும். நாப்பது வருஷமா நான் அப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

வீட்டுக்கே தெரியும். ஸ்டெல்லாவுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், சேசுராஜுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும், போன தடவை நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஹீட்டரை அணைத்தவர் அவர்தான். நான் கண்ணாடியைப் பற்றி யோசித்தேன், சுவரைப் பற்றி யோசித்தேன், கடலுக்கடியில் போகும் கேபிளைப் பற்றிக்கூட யோசித்தேன். அந்த வீட்டில் வாழ்கிற மனுஷரைப் பற்றி யோசிக்கவில்லை.

முன்னறைப் பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது. அது மாதா படத்து விளக்கோடு ஒரே சுவிட்சில் இருந்தது, அந்த ஒரு சுவிட்சில் மட்டும் அவர் கை வைக்க மாட்டார். ஸ்டெல்லா என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் மர்த்தீனை அழைத்தாள். அந்தப் பக்கம் அழுகை. "அக்கா, அழுவாத. அப்பா ஐஸ் பொட்டிகிட்டதான் நிக்கிறாரு" என்றாள். அழுகை இன்னும் கூடியது.

பென்ஷன் ஆபீஸ் அம்மாள் அதற்குள் இரங்கல் சொல்லிவிட்டு ஃபைலை மூடப் போயிருந்தாராம். மர்த்தீன் கெஞ்சி மறுபடி இழுத்து வந்தாள். அதற்குமேல் மாமனாரால் நிற்க முடியவில்லை. அந்த அம்மாள் திரைக்கு வருவதற்குள் நாற்காலி தேட நேரமில்லை. பெட்டியை முன்னறைக்குத் தள்ளி, கண்ணாடியில் படாமல் அதன் மோட்டார் பக்கத்துத் தகர மூடி மேலேயே உட்கார வைத்தோம். சேசுராஜ் மாலையோடு தவித்துக்கொண்டிருந்தார். "காசு போட்டு வாங்கினத எதுக்கு வீணாக்குற, போடு" என்று மாமனார் கழுத்தை நீட்டினார்.

இப்படியாக, பிரெஞ்சு அரசாங்கத்தின் முன்னால் என் மாமனார் தான் உயிரோடு இருப்பதை, சாவு மாலையைப் போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து நிரூபித்தார். அந்த அம்மாள் என்ன விசேஷம் என்று விசாரித்தாராம். பிறந்தநாள் என்று சொல்லிவிட்டாள் மர்த்தீன்.

பென்ஷன் வந்தது. கண்ணாடி பழைய இடத்துக்குப் போனது. அந்த வாரமே ஸ்டெல்லா ஆள் வைத்து முன்னறையிலிருந்து கடைசி அறை வரை ஒரு ஒயரை இழுத்தாள். அது இன்றுவரை ஒரு நாள்கூட நின்றதில்லை. ரிப்பீட்டர்களில் இரண்டை மட்டும், மேல்மாடிக்கு சிக்னல் போகட்டும் என்று கீழ் அறைகளில் வைத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டி வாடகைக்காரர் எனக்கு வருடா வருடம் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறார். நல்ல மனுஷர், தொடர்பை விடமாட்டேன் என்கிறார்.

மாமனார் இன்னும் ஒவ்வொரு அறையாகச் சுவிட்சை அணைத்துக்கொண்டுதான் நடக்கிறார். மேல்மாடியில் நெட் நின்றால் லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் 'நெட் போச்சு' என்று சொல்வதில்லை. மாடிப்படியில் நின்று கோரஸாகக் கத்துவார்கள்: "தாத்தா போயிட்டாரு!" புதிதாக வந்த விருந்தாளி யாராவது இருந்தால் கையில் காபியோடு திடுக்கிட்டு எழுந்துவிடுவார்.

உடனே கடைசி அறையிலிருந்து குரல் வரும்:

"இருக்கேன், இருக்கேன்! சுவிட்ச நானே போடுறேன். மாப்ளையக் கூப்பிட்டுராதீங்க!"